எரிமலை எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹாய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலையும் ஏமனையும் ஓமனையும் தாண்டி டெல்லி வானம்வரை வந்து, சில விமானங்கள் ரத்தாயின. அந்த வாரம் எனக்கு வந்த வாட்ஸ்அப் கேள்விகளில் பாதி ஒன்றேதான்: "ராக்கெட் விடுறாங்க, இதைச் சொல்ல முடியாதா?" நான் நிலவியல் படித்தவன், எரிமலை ஆராய்ச்சியாளன் அல்ல. ஆனாலும் பள்ளிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் இதைப் பற்றிப் பேசப் போய், ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பல நேரம் முடியும். மூன்று வார்த்தையாகிவிட்டது, மன்னிக்கவும்.

"வருகிற 15ஆம் தேதி மதியம் வெடிக்கும்" என்று யாரும் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்வதில்லை. "இந்த மலை விழித்துக்கொண்டது", "இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம்", "24 மணி நேரத்துக்குள் வெடிக்கலாம்" என்று காலத்தை நெருக்கிக்கொண்டே வருவார்கள். அதுவும் கருவிகள் வைத்துக் கவனிக்கிற மலையாக இருந்தால்தான். நிலப்பரப்பில் வெடிக்கும் வாய்ப்புள்ள எரிமலைகள் ஏறத்தாழ 1,350 இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஒழுங்கான கண்காணிப்பே கிடையாது.

நிலநடுக்கத்தைச் சொல்ல முடியாதுன்னு சொல்றாங்களே, எரிமலையை மட்டும் எப்படி?

நிலநடுக்கம் வரும் பிளவு பூமிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. எந்த நொடியில் வழுக்கும் என்பதற்கு நம்பகமான முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை. எரிமலை அப்படியில்லை. வெடிக்க வேண்டுமானால் உருகிய பாறைக்குழம்பு, அதாவது மாக்மா, பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும். சத்தமில்லாமல் வர அதனால் முடியாது.

வழியில் பாறையை உடைக்கும், அதனால் நிலம் அதிரும். இடம் பிடிக்கும், அதனால் மலை வீங்கும். மேலே வர வர வாயுவைக் கக்கும். அதிர்வு, வீக்கம், வாயு என்ற இந்த மூன்றையும் கவனிப்பதுதான் எரிமலைக் கண்காணிப்பின் பெரும்பகுதி. இத்தாலியில் வெசூவியஸ் மலைமேல் 1841இல் தொடங்கிய ஆய்வகம்தான் உலகிலேயே முதல் எரிமலை ஆய்வகம். ஹவாய் ஆய்வகத்தை 1912இல் தாமஸ் ஜாகர் தொடங்கினார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, கவனிக்கும் விஷயங்கள் பெரிதாக மாறவில்லை.

உள்ள குழம்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அது ஏன் வெடிக்கணும்?

கோலி சோடா குடித்திருப்பீர்கள். மூடியிருக்கும்போது பாட்டிலுக்குள் குமிழே தெரியாது. வாயு திரவத்தில் கரைந்து கிடக்கும். உள்ளிருக்கும் அழுத்தம்தான் கோலியை மேலே தள்ளி வாயை அடைத்து வைத்திருக்கிறது. கட்டை விரலால் கோலியை அழுத்தியதும் அழுத்தம் குறைகிறது, கரைந்திருந்த வாயு குமிழாகப் பொங்குகிறது.

மாக்மாவிலும் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயுக்கள் எல்லாம் கரைந்திருக்கின்றன. மேலே ஏறும்போது தலைமேல் இருக்கும் பாறையின் பாரம் குறைய, அவை குமிழாகின்றன. ஹவாயில் இருப்பதுபோல் நீர்த்த குழம்பாக இருந்தால் குமிழ்கள் எளிதாகத் தப்பிவிடும், குழம்பு ஆறாக ஓடும். கெட்டியான குழம்பில் அவை சிக்கிக்கொண்டு பெருத்து, கடைசியில் குழம்பையே தூள்தூளாகச் சிதறடிக்கும். எரிமலைச் சாம்பல் என்பது அந்தத் தூள்தான். அடுப்புச் சாம்பல்போல் எரிந்து வந்ததல்ல, பொடித்த கண்ணாடி. இந்தக் கோலியை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

நிலநடுக்கமானியில கோடு கோடாத்தானே இருக்கு? அதுல என்ன தெரியும்?

கோடுகளில் வகை உண்டு. சுள்ளி ஒடிவதுபோல் சட்டென்று கூர்மையாகத் தொடங்கி அடங்கும் அதிர்வு, பாறை உடைந்ததைக் காட்டுகிறது. மெதுவாகத் தொடங்கி ஒரே தாளத்தில் ஆடும் அதிர்வு, திரவமோ வாயுவோ ஒரு விரிசலுக்குள் புகுந்து நகர்வதைக் காட்டுகிறது. மூன்றாவது வகை, விடாமல் நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஓடும் நடுக்கம். வீட்டில் மோட்டார் போட்டதும் மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் குழாய் உறுமுமே, கிட்டத்தட்ட அதுபோல.

எத்தனை அதிர்வு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். பத்து கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தவை இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஏறி வந்தால் பயப்பட வேண்டும். ஆனால் ஆழத்தைக் கணக்கிட மலையைச் சுற்றி நாலைந்து நிலையங்களாவது வேண்டும். ஒரே ஒரு கருவி இருந்தால் "ஏதோ நடக்கிறது" என்பதற்குமேல் சொல்ல முடியாது.

மலை வீங்கும்னு சொல்றீங்களே, கண்ணால பார்க்க முடியுமா?

சில நேரம் பார்க்கலாம். 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் வடபுறம் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. இத்தாலியின் பொட்ஸுவோலி ஊரில் ரோமானியர் காலத்துச் சந்தைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் தலைக்குமேல் உயரத்தில் கடல் சிப்பிகள் குடைந்த துளைகள் இருக்கின்றன. ஊரே கடலுக்குள் இறங்கி, பிறகு ஏறியிருக்கிறது.

ஆனால் பெரும்பாலும் வீக்கம் மில்லிமீட்டர் கணக்குதான். கொத்தனார் தளம் போடும்போது ரசமட்டம் வைப்பார். நீளம் அதிகமென்றால் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடிப்பார். எரிமலையிலும் அதேதான். ஹவாயில் நீர்க்குழாய்ச் சாய்வுமானியே வைத்திருந்தார்கள். இன்றைய மின்னணுச் சாய்வுமானி, ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வைக்கூடக் காட்டிவிடும். கூடவே மலைமேல் நிரந்தரமாக நட்ட ஜிபிஎஸ் கம்பங்களும் உண்டு.

யாரும் ஏற முடியாத மலைகளுக்கு ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில் இருமுறை படமெடுத்து ஒப்பிட்டால் நிலம் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய, நாசாவுடன் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளின் வேலைகளில் இதுவும் ஒன்று. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின்மேல் வரும்.

வாயுவை எப்படி அளப்பாங்க? பாட்டில்ல பிடிப்பாங்களா?

பிடிப்பார்கள். கேலியில்லை, வாயுத்துளையில் குழாயைச் செருகிக் கண்ணாடிக் குடுவையில் பிடிப்பது பழைய முறை. கொஞ்சம் ஆபத்தான முறையும்கூட. தூரத்திலிருந்து அளக்க, கந்தக டை ஆக்சைடு சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் குணத்தைப் பயன்படுத்துகிறார்கள். புகைத்திரளின் கீழே காரிலோ விமானத்திலோ போய், எவ்வளவு கதிர் குறைந்தது என்று பார்த்து, காற்றின் வேகத்தையும் சேர்த்து, நாளுக்கு இத்தனை டன் என்று கணக்கிடுவார்கள். இதற்கு முதலில் பயன்பட்ட கருவி ஆலைப் புகைபோக்கிகளைச் சோதிக்கச் செய்தது. இப்போது ட்ரோன்களும் பறக்கின்றன.

கரியமில வாயு ஆழத்திலேயே பிரிந்துவிடும், கந்தக வாயு மேலே வந்தபிறகுதான் அதிகம் பிரியும். அதனால் இரண்டின் விகிதம் மாறுவதைப் பார்த்து மாக்மா எங்கே நிற்கிறது என்று ஊகிக்கலாம்.

இதெல்லாம் சேர்த்துச் சரியாச் சொன்ன உதாரணம் ஒண்ணு இருக்கா?

பிலிப்பைன்ஸின் பினடுபோ, 1991. ஏறக்குறைய 500 ஆண்டுகளாகத் தூங்கிய மலை. காடு மூடிக் கிடந்ததால் சுற்றியிருந்த நகரங்களில் அதை எரிமலை என்று நினைத்தவர்களே குறைவு. சரிவுகளில் ஐட்டா பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். ஏப்ரல் 2 அன்று நீராவி வெடித்துக் கிளம்பியது. பிலிப்பைன்ஸ் எரிமலை நிறுவனத்தின் தலைவர் ரேமுண்டோ புனோங்பாயனின் குழுவும், கிறிஸ் நியூஹால் முதலான அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினரும் சேர்ந்து, அவசர அவசரமாகக் கருவிகளை நட்டார்கள்.

மே 13 அன்று கந்தக டை ஆக்சைடு நாளுக்கு 500 டன். மே 28இல் 5,000 டன்னுக்கு மேல். பிறகு திடீரென்று சரிந்து, ஜூன் 5 வாக்கில் 300 டன்னுக்கும் கீழே போய்விட்டது. இதைக் கேட்டால் நாம் என்ன நினைப்போம்? "அப்பாடா, அடங்கிடுச்சு." ஆனால் அதிர்வுகள் குறையவில்லை. கோலி மேலே ஏறி வாயை அடைத்துக்கொண்டது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஏறி வந்த குழம்பு கெட்டிப்பட்டு வாயுவின் வழியை மூடிவிட்டது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஜூன் 5 அன்று எச்சரிக்கை மூன்றாம் நிலை: இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம். ஜூன் 7 அன்று நான்காம் நிலை: 24 மணி நேரத்துக்குள். ஜூன் 10 அன்று அருகிலிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானப்படைத் தளத்திலிருந்து ஏறத்தாழ 14,500 பேர் வெளியேறினார்கள். மக்கள் விலக வேண்டிய வட்டம் 10 கிலோமீட்டரிலிருந்து 20, 30, கடைசி நாளில் 40 என்று விரிந்தது.

ஜூன் 15 அன்று வெடித்தது, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. சாம்பல் 35 கிலோமீட்டர் உயரம் போனது. அதே நாளில் யுன்யா புயலும் கரை கடந்தது. மழையில் ஊறிய சாம்பல் கனத்துக் கூரைகள் இடிந்ததில்தான் பலர் இறந்தார்கள். அப்படியும் குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது பின்னர் போட்ட கணக்கு. என்னைக் கேட்டால் அந்தக் குழு செய்த பெரிய காரியம் ஜூன் 5 அன்று நிம்மதிப் பெருமூச்சு விடாமல் இருந்ததுதான்.

பழைய வெடிப்பைத் தோண்டி என்ன ஆகப் போகுது? புதுசா வர்றதைப் பாருங்களேன்.

கருவிகள் "எப்போது" என்பதற்குத்தான். "எவ்வளவு பெரிதாக, எதுவரை வரும்" என்பதற்குப் பழைய அடுக்குகள்தான் சாட்சி. பினடுபோவைச் சுற்றிய பழைய படிவுகளில் கிடந்த கரித்துண்டுகளின் வயதைப் பார்த்துத்தான், இந்த மலை அடிக்கடி வெடிக்காது, வெடித்தால் சிறிதாகவும் வெடிக்காது என்று கண்டார்கள். அதை வைத்து ஆபத்து வரைபடம் போட்டார்கள்.

வரைபடம் மட்டும் போதாது என்பதற்குக் கொலம்பியாவின் அர்மேரோ உதாரணம். 1845இல் சேற்று வெள்ளம் மூடிய மண்மேலேயே எழுந்த ஊர். நெவாடோ தெல் ருயிஸ் மலையின் ஆபத்து வரைபடம் 1985 அக்டோபரிலேயே தயாராகிவிட்டது, அதில் அர்மேரோவும் இருந்தது. நவம்பர் 13 இரவு ஒன்பது மணி சுமாருக்கு மலை வெடித்தது, அதுவும் நடுத்தரமான வெடிப்புதான். உச்சிப் பனி உருகிச் சேறாகி, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஊரை அடைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்து மேட்டில் ஏற அவ்வளவு நேரம் தேவையே இல்லை. அந்த இரவில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணிப்பு தோற்கவில்லை, சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. இதற்குப் பிறகுதான், எந்த நாடு கூப்பிட்டாலும் கருவிகளோடு போகும் எரிமலை உதவிக் குழுவை அமெரிக்கா 1986இல் அமைத்தது. பினடுபோவுக்குப் போனது அந்தக் குழுதான்.

அறிகுறியே இல்லாம வெடிச்சதே கிடையாதா?

உண்டு. ஜப்பானின் ஒன்டாக்கே, 2014 செப்டம்பர் 27. இலையுதிர்கால சனிக்கிழமை மதியம், உச்சியில் மலையேறிகள் கூட்டம். எச்சரிக்கை முதல் நிலையில்தான் இருந்தது. அதற்கு அப்போது வைத்திருந்த பெயர் "இயல்பு". நடுக்கம் தொடங்கிய சுமார் 11 நிமிடத்தில் வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். பிறகு அந்த "இயல்பு" என்ற சொல்லையே மாற்றி, "உயிர்ப்புள்ள எரிமலை என்பதை நினைவில் வையுங்கள்" என்று வைத்தார்கள்.

இப்படி ஏமாற்றுபவை பெரும்பாலும் நீராவி வெடிப்புகள். மாக்மா ஏற வேண்டியதில்லை. மேலாக இருக்கும் வெந்நீர் சட்டென்று ஆவியானால் போதும். மேலே சொன்ன மூன்று அறிகுறிக்கும் அங்கே நேரமே இல்லை. நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று 22 பேர் இறந்ததும் இப்படித்தான். அங்கே எச்சரிக்கையை மூன்று வாரம் முன்பே உயர்த்தியிருந்தார்கள், சுற்றுலா நிற்கவில்லை.

அப்போ ஹாய்லி குப்பி?

ஆள் நடமாட்டம் குறைந்த அஃபார் பாலைவனம். அதற்கு முன் வெடித்ததாக மனிதர் எழுதிவைத்த பதிவே இல்லை. மலைமேல் கருவிகளும் இல்லை. வெடித்ததைக் காட்டியது செயற்கைக்கோள்தான். அதன்பிறகு சாம்பல் எங்கே போகும் என்பதை விமானங்களுக்குச் சொல்லும் வேலை நடந்தது. இதற்கென்றே உலகில் ஒன்பது மையங்கள் இருக்கின்றன.

சாம்பல் பொடித்த கண்ணாடி என்றேன் அல்லவா? என்ஜின் வெப்பத்தில் அது உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982இல் ஜாவாவின் கலுங்குங் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தில் நான்கு என்ஜின்களும் நின்றுபோய், கீழே இறங்கிய பிறகே மறுபடி ஓடின. டெல்லியில் விமானத்தை ரத்து செய்தது மிகையான பயமல்ல.

வெடிக்கும்னு சொல்லி ஊரைக் காலி பண்ணிட்டு, வெடிக்காமப் போனா?

நடந்திருக்கிறது. 1976இல் பிரான்ஸின் குவாதலூப் தீவில் 70,000க்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். நீராவி வெடிப்புகளோடு மலை அடங்கிவிட்டது. விஞ்ஞானிகள் இரண்டாகப் பிரிந்து பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம். மேலே சொன்ன பொட்ஸுவோலியில் 1982 முதல் 1984 வரை நிலம் 1.8 மீட்டர் உயர்ந்து, ஏறத்தாழ 40,000 பேர் வீடு மாறினார்கள். வெடிக்கவில்லை. ஏறி வரும் மாக்மாவில் கணிசமான பகுதி வழியிலேயே நின்று உறைந்துவிடுகிறது. அதை முன்கூட்டிப் பிரித்தறிவதுதான் இன்றும் மிகக் கடினமான வேலை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1980 மே மாதம் செயின்ட் ஹெலன்ஸ் பகுதியை மூடி வைத்திருந்ததால், அங்கே வீடு வைத்திருந்தவர்கள் பொறுமையிழந்தார்கள். மே 17 சனிக்கிழமை சாமான் எடுக்க ஒரு வண்டி வரிசையை உள்ளே விட்டார்கள். அடுத்த வரிசை ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஞாயிறு காலை 8:32க்கு மலை சரிந்து வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். வீக்கத்தின் வேகமோ வாயுவோ கடைசி மணி நேரங்களில் கொஞ்சமும் மாறவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போயிருந்தால் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். "வெடிக்கலையே" என்று திட்டு வாங்குவது இந்தத் தொழிலின் சம்பளத்தில் அடக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரே மலை திரும்பத் திரும்ப வெடிச்சா கணிக்கச் சுலபமா?

ஆமாம். அதே செயின்ட் ஹெலன்ஸில் பெரிய வெடிப்புக்குப் பிறகு பள்ளத்துக்குள் குழம்பு மேடு வளரத் தொடங்கியது. தரையில் விழுந்த விரிசல்களை இரும்பு டேப் வைத்தே அளந்தார்கள். 1981 ஏப்ரலிலிருந்து அடுத்தடுத்து வந்த வெடிப்புகளை மூன்று நாள் முதல் மூன்று வாரம்வரை முன்னதாகச் சொன்னார்கள். ஐஸ்லாந்தின் கிரின்டாவிக் ஊரை 2023 நவம்பர் 10 இரவு காலி செய்தார்கள், டிசம்பர் 18 அன்று முதல் வெடிப்பு. அதன்பின் நிலத்தடியில் எவ்வளவு மாக்மா சேர்ந்தால் வெடிக்கிறது என்ற கணக்கு ஓரளவு பிடிபட்டது. ஒவ்வொரு மலையும் ஒரு ஆள் மாதிரி. ஒன்றில் கற்றது இன்னொன்றில் செல்லும் என்று நம்பி இறங்க முடியாது. ஐஸ்லாந்திலேயே ஹெக்லா 2000இல் ஒன்றேகால் மணி நேர எச்சரிக்கைதான் கொடுத்தது.

மிருகங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?

தரை சூடாவதும் வாயு கசிவதும் பாம்பு, எறும்புகளை விரட்டும். 1902இல் மார்தினிக் தீவின் பெலே மலையில் அப்படிப் பாம்புகள் இறங்கி வந்தன. ஆனால் அந்த மாற்றத்தைக் கருவி இன்னும் முன்பே பிடித்துவிடும். தவிர, மிருகங்கள் வேறு பல காரணங்களுக்காகவும் ஓடும்.

ஓட்டை போட்டு அழுத்தத்தை வெளியேத்திட்டா என்ன?

மாக்மா தேங்கும் இடம் பல கன கிலோமீட்டர் அளவு. ஓட்டை அதற்கு ஊசிமுனை. 2009இல் ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் புவிவெப்ப மின்சாரத்துக்காகத் துளைத்தபோது இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் எதிர்பாராமல் மாக்மாவையே தொட்டுவிட்டார்கள். வெடிக்கவும் இல்லை, அழுத்தம் குறைந்து மலை அடங்கவும் இல்லை. செய்ய முடிந்தது சேதத்தைக் குறைப்பதுதான். ஜாவாவின் கெலுட் மலையில் 1919இல் பள்ளத்து ஏரி சேற்று வெள்ளமாகி 5,000 பேரைக் கொன்றபின், சுரங்கக் குழாய் வெட்டி ஏரி நீரை வடித்தார்கள். அது பலித்தது.

இந்தியாவுல எரிமலை இருக்கா?

அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே பேரன் தீவு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி, 1991இலிருந்து விட்டுவிட்டு உமிழ்கிறது. ஆள் குடியில்லை. திருவண்ணாமலை எரிமலையா என்பது அடுத்த கேள்வியாக வரும். இல்லை.

இவ்வளவு கருவி இருக்கறப்ப ஆளுங்க ஏன் இன்னும் மேல போய்ச் சாகறாங்க?

கருவியை நடவும் பழுது பார்க்கவும் ஆள் போக வேண்டும். கல்லையும் வாயுவையும் எடுத்து வரவும் ஆள்தான் வேண்டும். ஆபத்து தெரிந்தேதான் போகிறார்கள். 1993 ஜனவரி 14 அன்று கொலம்பியாவின் கலேராஸ் பள்ளத்தில் இறந்த ஒன்பது பேரில் ஆறு பேர் விஞ்ஞானிகள். அதற்கு முந்தைய நாட்களில் நிலநடுக்கமானிக் கோட்டில் திருகாணிபோல் தெரியும் அதிர்வுகள் சில பதிவாகியிருந்தன. அவற்றின் பொருள் அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது, பின்னால்தான் விளங்கியது.

செயின்ட் ஹெலன்ஸில் பத்து கிலோமீட்டர் தள்ளி நின்று மலையைக் கவனித்துவந்த எரிமலை ஆய்வாளர் டேவிட் ஜான்ஸ்டன் இறந்தார். அந்த மேட்டில் அவருக்கு முன்பு வாரக்கணக்கில் இருந்தவர் ஹாரி கிளிக்கன். முந்தைய நாள்தான் இடம் மாறியிருந்தார். பதினொரு ஆண்டு கழித்து, 1991 ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் மலையில் எரிசாம்பல் மேகம் பாய்ந்து கிளிக்கனும் இறந்தார். அவருடன் இறந்த 42 பேரில், எரிமலைகளைக் கிட்டப்போய்ப் படமெடுத்துப் பேர்பெற்ற பிரெஞ்சுத் தம்பதி மோரிஸ், கத்யா கிராஃப்டும் இருந்தார்கள். எரிமலை ஆபத்துகளைச் சாதாரண மக்களுக்கு விளக்க அவர்கள் எடுத்த வீடியோவைத்தான், அதே வாரங்களில், பினடுபோ அடிவாரத்து அதிகாரிகளுக்கும் ராணுவத் தளபதிகளுக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.